முப்பத்தேழாம் எண் ஓடிய நூறு கெஜம்

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் நீராட்டு அழைப்பிதழிலிருந்து வந்தது. சடங்கு நடந்தது எனக்குத்தான். இதையெல்லாம் எழுத வெட்கமாக இல்லையா என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் வரைவு: ‘1961. திண்டிவனத்துப் பள்ளி மைதானத்தில் புழுதி பறக்க, மான்போலத் துள்ளி ஓடினாள் பொன்னி என்னும்...’

அடித்துவிட்டேன். மானும் இல்லை, பொன்னியும் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாவணி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தோடு ஓடியவள் நான்.

நேரம் பார்த்தவர் சவுரியம்மாள். திண்டிவனத்துக்காரர், சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர். பிள்ளைகள் எந்த வயதில் எவ்வளவு தாவுகிறார்கள், எறிகிறார்கள், ஓடுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. 1958 முதல் ஆண்டுதோறும் நாற்பது சிறுமிகளை அளந்தார். என் எண் 37. நான்காம் ஆண்டுக்குள் பதினோரு பேர் வயதுக்கு வந்துவிட்டோம். பத்துப் பேரை வீட்டை விட்டே அனுப்பவில்லை. என் அம்மா பாஞ்சாலி மட்டும் அனுப்பினாள்.

(ஏன்? அம்மாவைப் புரட்சிக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. எங்கள் கொல்லி நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆள் போதவில்லை; என்னை வீட்டுக்குள் உட்காரவைக்க வழியில்லை. “ஜல்தியா ஓடிட்டு வந்து சேருடி” என்றாள். அவ்வளவுதான்.)

நூறு கெஜத்துக்குப் பதின்மூன்றரை விநாடி. முந்தின ஆண்டைவிட ஒரு விநாடி குறைவு.

3

ஆய்வுக்கு வழிகாட்டி பேராசிரியர் கோதண்டபாணி. பெரியவளான பெண்ணுக்கு ஓட்டம் குறையும் என்பது அவர் முன்பே கட்டிவைத்திருந்த முடிவு. வராத பத்துப் பேரும் அதற்குச் சாட்சியாம். இடைஞ்சல் நான் ஒருத்திதான். ‘37: வயது பொய். இன்னும் சிறுமியாக இருப்பாள். நீக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

வயது பொய்தான்.*

* அப்போதெல்லாம் தலைக்கு மேலே கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது, பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். எனக்குக் கை நீளம். நாலிலேயே தொட்டுவிட்டேன்; பள்ளி ஏட்டில் ஒரு வயது கூடிவிட்டது.

4

விழுப்புரத்தில் பேராசிரியர் ரயில் மாறும்போது சவுரியம்மாள், அம்மா, நான் மூன்று பேரும் போய்ப் பிடித்தோம்.

(ஒரு வரைவில் நான் பிளாட்பாரத்தில் ரயிலோடு ஓடி ஜெயித்தேன். உண்மையில் பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றேன்.)

“சார், அந்தப் பத்துப் பொண்ணுங்களும் ஓட முடியாம நின்னுடல. ஓட விடல” என்றார் சவுரியம்மாள்.

“சரிம்மா, இவ பெரியவளானதுக்கு என்ன அத்தாட்சி?”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா எழுந்தாள். பையிலிருந்து மஞ்சள் தடவிய அழைப்பிதழை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“தேதி போட்டுக்கீது, படிங்க. எங்க ஊரு பிரம்மதேசமே வந்து துன்னுட்டுப் போச்சு. அதுக்கு எட்டு மாசம் கழிச்சுத்தான் எம்பொண்ணு ஓடுனா. ஊருக்கே அச்சடிச்சுச் சொன்னேன், உங்க புக்குல சொல்றதுக்கு என்ன வெக்கம்? டீச்சரம்மா, நீங்க ஒட்டிக்கோங்க.”

“இதைப் போய் ஆய்வேட்டுல ஒட்டினா பட்டம் கிடைக்காது.”

“கெடைக்காட்டி போவட்டும் சார்” என்றார் சவுரியம்மாள். “முப்பத்தேழை எடுக்க மாட்டேன்.”

அழைப்பிதழைப் பேராசிரியர் கையிலிருந்து வாங்கி ஆய்வேட்டுக்குள் வைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் ஒட்டினார்.

5

பட்டம் கிடைத்ததா? எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். கிடைத்தது என்றால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். இல்லை என்றால் ‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

என் ஆத்திரம் வேறு. நாற்பது பேரில் நான் ஒன்றும் பெரிய ஓட்டக்காரி இல்லை. முதல் மூன்று ஆண்டும் என்னை முந்தியவள் எண் 12, கெங்கம்மாள். நான்காம் ஆண்டு அவளை அனுப்பவில்லை. அட்டவணையில் அவள் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

முடிவு வேண்டுமா? அதை நிரப்பிவிட்டு வந்து கேளுங்கள்.

எண் 12. நூறு கெஜம். ........ விநாடி.