நாலு கிலோ மிச்சம்

பியூனரல் சேர்விஸில் இருந்து வந்த வெள்ளைக்காரன், வீட்டு முன்றலில் நின்ற, கார் இழுத்துப் போகிற வீட்டு வண்டியான காரவனுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தான். முழுவதும் விரிக்க முடியவில்லை. திரும்பி வந்து, சவப்பெட்டியை ஆறு பேர் தோளில் சுமந்துகொண்டு இந்த இடைவெளியால் கதவுக்கு வர வழியே இல்லை என்று ரஜனியிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் புருசன் பீற்றரைக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலம் வீட்டில் வைப்பதென்றால், அதற்கு முதல் இந்த வண்டி இங்கிருந்து போயிருக்க வேண்டும்.

"அது எங்க போகும்" என்றாள் ரஜனி தமிழில். பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொல்லி அவனை அனுப்பினாள்.

மிச்சம் என்கிற அந்த ஊரில், தெரு முழுவதற்கும் அந்தக் காரவனைத் தெரியும். இரண்டு வருடமாக ஓர் அங்குலம் அசையாமல், முன்ஜன்னலின் வெளிச்சத்தையெல்லாம் குடித்துக்கொண்டு, கூரையில் பச்சைப் பாசி பிடித்து நின்றது. உயிரோடு இருந்த காலமெல்லாம் பஸ்ஸால் மற்றவர்களின் வாசலை மறித்த மனிதர், செத்த பிறகு தன்னுடைய வாசலையே மறித்துக்கொண்டார். வேறு எவருக்கும் இது கைகூடியிருக்காது என்று நினைத்தாள்.

பீற்றர் பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர். பன்னிரண்டு தொன் இரட்டைத்தட்டு பஸ்ஸை, மழையில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், ஸ்ரெதம் சந்தியால் வளைத்து எடுப்பார். அதே மனிதருக்கு ஒன்றரைத் தொன்கூட இல்லாத ஒரு காரவனை இழுக்கத் தகுந்த கார் இரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை. சட்டம் மாறி, இனிச் சாதாரண லைசென்ஸோடு எல்லோரும் காரவன் இழுக்கலாம் என்று வந்ததும், போய்க் காரவனை வாங்கிவிட்டார். விற்றவனே கொண்டுவந்து விட்டுப் போனான். வீட்டில் இருந்த சின்னக் கார் அதை இழுக்காது என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிழமையும் கார் பார்க்கும் படலம்.

சாதகம் பார்க்காமல், பொருத்தம் பார்க்காமல், ஒரு வேதக்காரனைக் கட்டினாள் என்று ரஜனியின் வீட்டார் ஏழு வருடம் அவளோடு கதைக்கவில்லை. அப்படிக் கட்டிய மனிதர் ஒரு காருக்கும் காரவனுக்கும் பொருத்தம் பார்த்தே தேய்ந்துபோனார். அவள் மரக்கறி வெட்டும்போது எதிரில் இருந்து ஓதிக்கொண்டிருப்பார். காரின் பாரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் காரவன் இருக்கக்கூடாது. கொக்கியில் அழுத்துகிற மூக்குப் பாரம் குறைந்தால் வண்டி பாம்புபோல் நெளியும், கூடினால் காரின் பின்பக்கம் குந்தும். ஒரு கார் பாரத்தில் சரிவந்தால் மூக்கில் பிழைக்கும். இன்னொன்றை வெறும் ஒன்பது கிலோ கூடிவிட்டது என்று விட்டுவிட்டு வந்தார். ஒன்பது கிலோ! அரிசி மூட்டைகூட இல்லை.

பன்னிரண்டு நாட்களுக்கு முந்திய சனிக்கிழமை, "நீயும் வாவன். இண்டைக்கு அனேகமா முடிச்சுப்போடுவன்" என்று கூப்பிட்டார்.

"நீங்கள் கார் வாங்கவே போறியள்? கார் வாசிக்கவெல்லோ போறியள்" என்று வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் போனார். குரொய்டன் பக்கத்தில் ஒரு பழைய கார் விற்கும் இடத்தில், காரின் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பாரத் தகட்டைப் பார்க்க முழங்காலில் இருந்தவர் எழும்பவில்லை. விற்கிற பெடியன் கால்மணி நேரம் அவர் இன்னும் வாசிக்கிறார் என்றே நினைத்திருக்கிறான். அதைக் கேட்டபோது ரஜனிக்கு முதலில் அழுகை வரவில்லை. இன்னொருவனுடைய காருக்கு முன்னால் முழங்காலில் இருந்தா சாவது என்றுதான் வந்தது.

மத்தியானம் ஹவுன்ஸ்லோவில் இருந்து அக்கா சிவரூபினியின் புருசன் விஜயரத்தினம் வந்து இறங்கினார். வெள்ளை நிறத்தில், மதில் உயரத்தில் ஒரு ஹைபிரிட் கார். சைக்கிள் கொழுவுவதற்காகப் பின்னால் கொக்கி பூட்டியிருந்தார். இன்றுவரை அதில் ஒரு சைக்கிளையும் எவரும் கண்டதில்லை.

காரவனைச் சுற்றி ஒருதரம் நடந்து, சில்லைக் காலால் உதைத்தார்.

"இதை இழுக்கவே உவன் ரெண்டு வருசம் ஆராய்ச்சி செய்தவன்? கொழுவினால் இழுபடும். இதுக்கு என்ன படிப்பு? என்ர கார் ஆனையையும் இழுக்கும், ரஜனி."

அவர் சொன்னது முழுவதையும் ரஜனி இந்த இரண்டு வருடத்தில் பீற்றரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். ஆனால் செத்தவரின் வாசலில், வாசனைத் தைலம் மணக்க நின்றுகொண்டு அத்தான் சொன்னபோது அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கதவைத் திறவுங்கோ, அத்தான்" என்றாள்.

"ஏன்?"

"திறவுங்கோவன்."

அவர் திறந்தார். ரஜனி குனிந்து தூணில் இருந்த தகட்டைப் பார்த்தாள். நாலு வரி இருந்தது. காரும் இழுவையும் சேர்ந்த இரண்டாவது வரியில் இருந்து கார் மட்டும் உள்ள முதலாவது வரியைக் கழித்தாள். மூவாயிரத்து இருநூற்று அறுபதில் இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்துப் போக எழுநூற்றைம்பது.

"உங்கட கார் எழுநூற்றைம்பது கிலோதான் இழுக்கும். காரவன் ஆயிரத்து முந்நூற்று நாற்பது."

விஜயரத்தினம் அவளை ஒருமாதிரிப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மகள் கோசிகாவும் பார்த்தாள். ரஜனிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டு வருடம் காதில் வாங்காமல் விட்டதெல்லாம் உள்ளே போய்க் குந்தியிருந்திருக்கிறது.

"உதெல்லாம் ஸ்கொட்லாந்து போறவைக்கு. றோட்டுக்கு இழுத்து விடுறதுக்கு என்ன கிலோ?" என்றுவிட்டு அத்தான் காரைப் பின்னால் எடுத்தார். காரவனின் மூக்கைக் கொக்கியின்மேல் இறக்கினார். முன்சில்லை மேலே சுற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிய ஆளைப்போல் கையைத் தட்டிக்கொண்டார்.

"பச்சை வரேல்லை, அத்தான்" என்றாள் ரஜனி.

"என்ன பச்சை?"

"கொழுவினது பூட்டுப்பட்டால் அந்த இடத்தில பச்சை தெரியவேணும். இது சிவப்பா நிக்குது."

"கொஞ்சம் பேசாமல் இரு பிள்ளை" என்று அவர் ஏறி உட்கார்ந்து காரை எடுத்தார்.

கார் போனது. காரவன் போகவில்லை. கொக்கியை விட்டுக் கழன்ற மூக்கு, வெள்ளைக் காரின் பின்பக்கத்தை மேலிருந்து கீழாக உழுதுகொண்டு கல்லில் விழுந்தது. விஜயரத்தினம் இறங்கி வந்து அந்தக் காயத்தைத் தடவிப் பார்த்தார். வந்ததில் இருந்து சகலனுக்காகத் தளும்பாத கண் இப்போது தளும்பியது. பிறகு இன்சூரன்ஸுக்கு எடுக்கவேண்டும் என்று போனைக் காதில் வைத்தபடி காருக்குள் போய் இருந்தவர், வெளியே வரவில்லை.

"அம்மா, அப்பான்ர பஸ் கராஜுக்கு போன் அடிக்கட்டே?" என்றாள் கோசிகா.

"அடி."

ஏர்லி ஷிப்ட் முடித்துக்கொண்டு ஐந்து பேர், யூனிபோமோடு வந்தார்கள். ஒரு கானாக்காரர், இரண்டு போலந்துக்காரர், ஒரு வங்காளி, தலைப்பாகை கட்டிய ஒருவர். ஆளுக்காள் வந்து ரஜனியின் கையைப் பிடித்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு காரவனைப் பார்த்தார்கள். இதற்குக் கார் எதற்கு, நிலம் மட்டமாகத்தானே இருக்கிறது, ஐந்து பேர் தள்ளினால் போகும், உள்ளே பாரமாக ஏதாவது இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார் கானாக்காரர்.

ஐந்து பேர் தள்ளினால் போகும். இரண்டு வருடம்! ரஜனி பல்லைக் கடித்துக்கொண்டு காரவனின் கதவைத் திறந்தாள். அதற்குள் அவள் காலடி வைப்பது அதுதான் முதல்தடவை. பீற்றர் எத்தனையோ தரம் கூப்பிட்டும், ஓடட்டும் பாப்பம் என்று மறுத்திருந்தாள்.

உள்ளே தூசி இல்லை. நாளைக்கே புறப்படுகிற வண்டிபோல் எல்லாம் அடுக்கியிருந்தது. பாரமான சாமான்கள் நடுவில், சில்லுக்கு மேலே. லேசானவை இரண்டு பக்கமும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒட்டி, அவருடைய கோணல் எழுத்தில் பாரம் எழுதியிருந்தது. கேத்தல், ஒன்று தசம் ஒன்று கிலோ. மடிக்கிற கதிரை இரண்டு, ஏழு. இடியப்ப உரல், ஒன்று தசம் மூன்று. காரவனுக்குள் இடியப்பம் பிழிய ஆரை நினைத்திருந்தார் இந்த மனிதர்?

அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. மேலே அந்தச் சனிக்கிழமைத் திகதி. குரொய்டன் காரின் இலக்கம். அதன் கீழே காரின் பாரம், காரவனின் பாரம், சாமான்களின் பாரம். கடைசியில் ஆட்கள். நான், எண்பத்து நாலு. கோசிகா, ஐம்பத்தேழு. ரஜனி, அறுபத்தெட்டு. எல்லாவற்றையும் கூட்டி, காருக்கு அனுமதித்த மொத்தத்தில் இருந்து கழித்திருந்தார். மிச்சம் நாலு கிலோ. அதன் கீழே, 'பொருந்துது' என்று எழுதி இரண்டு கோடு கீறியிருந்தார்.

அறுபத்தெட்டு. பதினொரு வருடங்களுக்கு முன் டொக்டரிடம் போய்விட்டு வந்த ஒரு நாள், எவ்வளவு என்று அவர் கேட்டதற்கு வாயில் வந்த ஒரு எண்ணைச் சொல்லியிருந்தாள். அன்றைக்கே அது பொய். இப்போது எழுபத்தொன்பது. சோற்றுக்கரண்டியைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்த மனிதர், இதை மட்டும் அவள் சொன்னபடியே எழுதிவைத்திருந்தார்.

பதினொரு கிலோ. நாலு போக ஏழு கூட.

"பொருந்தாது" என்றாள் ரஜனி, சத்தமாக.

வெளியே மூக்கைத் தூக்கி முன்சில்லை இறக்கிவிட்டார்கள். பிறேக்கை எடுத்துவிடும் சத்தம் கேட்டது. கோசிகா கதவில் தலையை நீட்டினாள்.

"அம்மா, இறங்குங்கோ. அங்கிள்மார் தள்ளப்போகினம்."

ரஜனி மேசைக்கு அருகில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அம்மா! ஓடேக்க உள்ளுக்கு ஆரும் இருக்கப்படாது எண்டு அப்பா சொல்றவர்."

"உது ஓடுறதே? தள்ளச் சொல்லு."

கோசிகா தலையை வெளியே எடுத்தாள். பிறகு கதவை மெல்லச் சாத்தினாள். வெளியே கானாக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது கேட்டது. காரவன் ஒரு முறை முனகியது. அலமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டன. ஜன்னலுக்கு வெளியே வீட்டுக் கதவும், குப்பைத் தொட்டிகளும், பக்கத்து வீட்டு ரோசாச் செடியும் ஒவ்வொன்றாக வந்து, நின்று பார்க்க விடாமல், பின்னால் போயின.