ரெட்டை மெஷின்

மூன்று வாரமாக இழைப்பு மெஷின்காரர் உஸ்தா ஷுக்ரி தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். துமியாத்தில் வீட்டோடு பட்டறை வைத்து நாற்காலி செய்பவர்கள் பலகையை மெஷின்காரரிடம் கொடுத்துத்தான் இழைத்து வாங்குவார்கள், ஷஹீராவும் ஷுக்ரியிடம் கொடுத்திருந்தாள். ஒரு நாள் கத்தி மழுங்கிவிட்டது, மறுநாள் கரண்ட் இல்லை. கடைசியில், "வீட்டு ஆம்பளைய அனுப்பு, பேசிக்கலாம்" என்றார். அவள் விவாகரத்தானவள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

இனி அந்த வாசலை மிதிப்பதில்லை, சொந்தமாக மெஷின் வாங்குவது என்று தீர்மானித்தாள். வீட்டில் மிச்சமிருந்த முறுக்கிய பீச் மரப் பலகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்ரியின் மெஷின் கடைக்குப் போனாள். அங்கே ஷுக்ரியே பக்ரியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சனியன், திரும்பிப் போகவா முடியும்?

"தங்கச்சி, முகத்தையும் தட்டி கனமும் சீவுற ரெட்டை மெஷின் உனக்கெதுக்கு?" என்றார் பக்ரி. "கனம் சீவுற இந்தச் சின்னதே போதும். கோணலா உள்ள விடு, நேரா வெளிய வரும்."

"என் பலகைய விட்டுக் காட்டுங்க."

பலகை கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. ஷஹீரா அதை இரும்பு மேடையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினாள். எதிர்மூலை 'டக்' என்று எழும்பியது.

"பளபளப்பு வந்துச்சு. முறுக்கு போச்சா?"

மெஷினுக்குள் உருளை அழுத்தும்வரை பலகை பணிந்து கிடக்கும், வெளியே வந்ததும் பழைய புத்திக்குத் திரும்பிவிடும். முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்காமல் கனம் சீவினால் கோணல் மெலியுமே தவிர நிமிராது. பக்ரிக்கு இது தெரியாததல்ல. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று ஷுக்ரி சிரித்தார்.

ஷஹீரா ரெட்டை மெஷினிடம் போனாள். மேல்மேடையில் பலகையைத் தள்ளித் தள்ளி ஒரு முகத்தைச் சமமாக்கினாள். பிறகு மேடையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் கொடுத்துக் கனம் சீவினாள். நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"மேடை குட்டைம்மா. கட்டில் சட்டம் ஏறாது" என்றார் ஷுக்ரி.

"நான் கட்டில் செய்யலையே. நாற்காலிப் பின்கால் ஒரு மீட்டர் தாண்டாது."

"ஒவ்வொரு தடவையும் மேடையத் தூக்கி இறக்கணும். இடுப்பு ஒடிஞ்சிடும்."

"உங்க வாசல்ல நின்னு ஒடிஞ்சத விடவா?"

பக்ரிக்குத் தேநீர் புரையேறியது.

"என் அறை நாலு எட்டுதான். ரெண்டு மெஷின் நுழையாது. இதையே வீட்டுக்கு அனுப்புங்க அண்ணே."

ஷுக்ரி கிளாஸைக் கீழே வைத்தார். குரலில் திடீரென்று தேன் ஒழுகியது. "ஆத்திரப்படாத ஷஹீரா. உன் பலகைய இன்னைக்கே, அசர் தொழுகைக்கு முன்னாடி இழைச்சுத் தந்துடறேன். மொத ஆள் நீதான்."

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே ரத்தம் கொதித்தது.

"இன்னைக்கே முடியுமா உஸ்தா?"

"ஒரு மணி நேர வேலைம்மா."

"அப்ப மூணு வாரமும் முடிஞ்சிருக்கும்."

ஷுக்ரி கீழே வைத்த கிளாஸை மறுபடி எடுத்தார்.

"வண்டி அனுப்பறேன்" என்றாள் ஷஹீரா. "என் பலகை ஒண்ணுலயும் கை வைக்காம ஏத்தி விடுங்க."