அக்காவின் கஞ்சாவுக்குப் பொறுப்பாளர்

எங்கள் மிச்சிகன் மாநிலத்துச் சட்டப்படி, மருந்துக்காகக் கஞ்சா எடுத்துக்கொள்ளும் நோயாளி, அதை வளர்த்துக் கொடுக்கத் தனக்கென்று ஒரு பொறுப்பாளரை வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒருவர்தான். அவருக்கு இருபத்தொரு வயது நிரம்பியிருக்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் ஒரு தடவைகூடப் பெரிய தண்டனை வாங்கியிருக்கக் கூடாது. ஐந்து நோயாளிகளுக்கு மேல் ஏற்கக் கூடாது. எனக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்நாளில் நான் செய்த ஒரே குற்றம், தேவாலய விருந்தில் பாதிரியாரின் மனைவி சுட்ட கேக்கைப் பற்றி உண்மையைச் சொன்னது. அதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஆக, எல்லாப் பொருத்தமும் எனக்கு இருந்தது. என் அக்கா ஹெல்வியோ, ஆர்விட்டின் பேரைச் சொன்னாள்.

ஆர்விட் யாரென்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அவன் ஷெரிஃப் அலுவலகத்தில் டெபுட்டியாக, அதாவது மாவட்டப் போலீஸ்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். இருபது வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுச் சவுனாவில் வழக்கம்போல் ஆவிக் குளியல் போட்டு, காபி குடித்து, ஏலக்காய் ரொட்டியில் நாலு துண்டு தின்றுவிட்டுப் போனான். திங்கட்கிழமை வாரண்டோடு வந்தான். நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் அக்கா மகன் டேல் வளர்த்திருந்த செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனான். பின்லாந்து வம்சத்து எங்கள் ஃபின்னியர் வீடுகளுக்குள் யாரும் பூட்ஸோடு நுழைவதில்லை. ஒவ்வொரு நடைக்கும் வாசலில் பூட்ஸைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, கம்பளிக் காலுறையோடுதான் வீட்டைச் சோதனை போட்டான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டேலுக்கு மூன்று வருடம் சிறை கிடைத்தது.

அதன்பிறகு அக்கா அவனோடு பேசவில்லை. அவன் சவுனாவுக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து ஒரே கடவுளைக் கும்பிட்டார்கள்.

இப்போது அக்காவின் விரல்களெல்லாம் வாதத்தில் கோணி, கொக்கிபோல் வளைந்துவிட்டன. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. கோட்டுக்குப் பொத்தான் போட முடியாமல் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். வலியில் அவள் அழுததில்லை. காபிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துத் தூக்குவாள், பார்க்கும் எனக்குத்தான் அழுகை வரும். டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். பக்கத்தில் கடை எதுவும் கிடையாது. பொறுப்பாளர் வேண்டும்.

“அம்மா, என் பேரைப் போடும்மா,” என்றான் டேல். நாற்பத்தைந்து வயது, மரம் ஏற்றும் லாரிகளைப் பழுதுபார்க்கிறவன்.

“சட்டம் விடாதுடா. உனக்கு ஆயுசுக்கும் கிடையாது.”

“இந்த மாவட்டத்துலயே அதை வளர்க்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.”

“அதனாலதான் விடாது,” என்றாள் அக்கா.

“நான் எதுக்குக்கா இருக்கேன்?” என்றேன். “ரெண்டு வருஷமா உனக்குச் சாக்ஸ் மாட்டிவிடறது யாரு?”

“நீ வேண்டாம் இம்பி. ஆர்விட் பேரை எழுது.”

அவளால் பேனா பிடிக்க முடியாது. அதனால் அந்தப் பேரை என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தினேன். டேல் எழுந்து போய் விறகு பிளந்தான். அன்று இரண்டு மாதத்துக்கான விறகு ஆயிற்று.

கையெழுத்து வாங்கவும் நான்தான் போனேன். ஆர்விட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளை இரண்டு தடவை படித்தான்.

“ஏன் என்னை?” என்றான்.

“என்னைக் கேட்டா? நானா இருந்தா உன்னை நாய்க்குச் சோறு வைக்கக்கூட விடமாட்டேன்.”

“எனக்கு வளர்க்கத் தெரியாதே. பிடுங்கத்தான் தெரியும்.”

“அதைச் சட்டம் கேக்கலியே. நீ யோக்கியனான்னு மட்டும்தான் கேக்குது.”

அவன் மூன்றாம் தடவையும் படித்தான். மறுக்க இடம் தேடியிருப்பான்போல. சட்டத்தில் இருக்கிறது என்றால் அவனால் மறுக்க முடியாது, அது பிறவிக் குணம். கையெழுத்துப் போட்டான்.

பன்னிரண்டு செடிகள் வரை வளர்க்கலாம். நாலு பக்கமும் அடைத்த, பூட்டுப் போட்ட இடமாக இருக்க வேண்டும், சாவி பொறுப்பாளரிடம்தான் இருக்க வேண்டும், வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. ஆர்விட்டின் வீட்டில் காற்றுப் புகாத, தண்ணீர் வடிகிற, கதவு கச்சிதமாகச் சாத்துகிற இடம் ஒன்றுதான் இருந்தது. கொல்லைப்புறத்துச் சவுனா. அதில் விளக்குகளைத் தொங்கவிட்டான். சட்டம் ஒரு பூட்டுக் கேட்டது. அவன் இரண்டு போட்டான்.

யாரிடமும் கேட்காமல், நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்து தானாகவே வளர்த்தான். டேலிடம் அவன் கேட்கவில்லை, டேலும் சொல்லவில்லை. செடிகள் இடுப்பளவு வந்தன. நவம்பரில் மான் வேட்டை தொடங்கியதும் ஆர்விட் காட்டுக்குப் போனான். இரண்டு நாள் பனியில் உட்கார்ந்து, ஒரு மானையும் காணாமல், எலும்பெல்லாம் விறைத்துத் திரும்பி வந்தான். அன்று சனிக்கிழமை.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் ஆட்களின் கால்கள் மூளையைக் கேட்காமலே சவுனாவுக்கு நடக்கும். அவன் சவுனாவின் அடுப்பு வாய் வெளிச்சுவரில் இருந்தது. பிர்ச் விறகை அடுக்கிப் பற்றவைத்தான். ஆவிக்கான கல் காயட்டும் என்று வீட்டுக்குள் போய்க் காபி குடித்தான். துண்டையும் வாளியையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். முதல் பூட்டைத் திறந்தான். உறைக்கவில்லை. இரண்டாவது பூட்டைத் திறந்தான். அப்போதும் உறைக்கவில்லை. கதவைத் திறந்ததும் வேகவைத்த கீரை வாசனை அடித்தது.

மறுநாள் தேவாலயம் முடிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்தான். இருபது வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் பூட்ஸைக் கழற்றினான். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“ஹெல்வி, செடியெல்லாம் போச்சு.”

“எப்படிப் போச்சு?”

“சவுனாவைச் சூடு பண்ணிட்டேன்.”

“ஏன்?”

“சனிக்கிழமை.”

அதற்கு மேல் கேட்க எங்களில் யாருக்கும் நியாயம் இல்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“அதைப் பார்த்த பிறகு என்ன பண்ணின?” என்றேன்.

“அடுப்பு நல்லா சூடாயிருந்துது,” என்றான் தரையைப் பார்த்து. “வீணாக்க வேண்டாம்னு குளிச்சிட்டேன்.”

பாவி! அக்கா ஐந்து மாதமாகக் காத்திருந்த மருந்து அது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருப்பேன், அக்கா கோணல் விரலைத் தூக்கி என்னை அடக்கினாள். அந்த விரல் முந்தின இரவெல்லாம் வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“மறுபடி போடு,” என்றாள் அவனிடம். “இந்தத் தடவை எப்படின்னு கேட்டுப் போடு. கேக்க வேண்டிய ஆள் அங்க இருக்கான்.”

டேல் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். ஆர்விட் தொண்டையைச் செருமினான். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“டேல்,” என்றான். “எனக்குத் தெரியல. சொல்லித் தர்றியா?”

டேல் துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தான். கடைசியில் திரும்பாமலே பேசினான்.

“உங்க சவுனா இனிமே செடிக்கு மட்டும்தான். அடுப்பு வாயைச் செங்கல் வெச்சு அடைச்சிடுங்க.”

“அப்ப சனிக்கிழமை?”

“சனிக்கிழமை இங்க வாங்க. வெளியே விட்டா மறுபடி அவிச்சிருவீங்க.”

அப்படித்தான் ஆயிற்று. செடி இருக்கும் அறைக்குள் டேல் கால் வைக்கக் கூடாது. அதனால் சனிக்கிழமைதோறும் அக்கா வீட்டுச் சவுனாவின் மேல் பலகையில் இரண்டு பேரும் அம்மணமாக உட்கார்ந்துகொண்டு பேசுவார்கள். விளக்கை எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எப்போது தண்ணீரைக் குறைப்பது, எல்லாம் ஆவியில் நடந்த பாடம். செடி விளைந்த பிறகு, குளித்து முடித்ததும் ஆர்விட் கோட்டுப் பையிலிருந்து அந்த வாரத்து மருந்தை எடுத்து, இரண்டு கையாலும் அக்கா முன்னால் வைப்பான். அக்கா நன்றி சொல்ல மாட்டாள். காபி மட்டும் ஊற்றச் சொல்வாள்.

வசந்தம் முடிவதற்குள் அக்கா தன் கோட்டுக்குத் தானே பொத்தான் போட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டுவந்து கொடுத்தது அவன் கை என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வருடம் பிறக்கும்போதெல்லாம் கேட்பேன். “இப்பவாவது என் பேரைப் போடட்டுமாக்கா?”

“இன்னும் இல்ல,” என்பாள்.

மூன்றாம் வருடம் முடிந்து நாங்கள் நாலு பேரும் மேசையில் இருந்தபோது அவளாகவே சொன்னாள். “இம்பி, ஆளை மாத்தற தாளை எடு. உன் பேரை எழுது.”

ஆர்விட் கோப்பையைக் கீழே வைத்தான். “ஏன் ஹெல்வி? மறுபடி ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்ல. நல்லாத்தான் செஞ்ச. மூணு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான். உன்னை விட்டாச்சு.”

டேல் ஜன்னலைப் பார்த்தான். ஆர்விட்டின் முகம் மெல்லச் சிவந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டிலிருந்து அவன் தூக்கிக்கொண்டு போனதையெல்லாம், அதே வாசலில் பூட்ஸைக் கழற்றி, டேலுக்குக் கிடைத்த அதே மூன்று வருடம் அவன் கையாலேயே அவள் திரும்பச் சுமக்க வைத்திருக்கிறாள்.

“அதுக்கா என்னை வேண்டாம்னு சொன்ன?” என்றேன்.

“உனக்கு எதுக்குடி தண்டனை?” என்றாள் அக்கா. “நீ என்ன தப்புப் பண்ணின?”

அந்த வாரமே செடிகள் என் வீட்டு மாடி அறைக்கு வந்தன. ஆர்விட்டின் சவுனா காலியாயிற்று. அடுப்பு வாயிலிருந்த செங்கலை எடுத்து, பலகைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கண்ணாடிமாதிரி ஆக்கிக் கொடுத்தது நான்தான். இனி அவனுக்குச் சுமக்க எதுவும் இல்லை, அக்கா வீட்டில் குளிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம் கேட்டது. ஆர்விட் காலுறையோடு உள்ளே வந்து நின்றான். வெறும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பைக்குள் விட்டான், பிறகு எடுத்தான்.

“என் சவுனால,” என்றான், “அந்தக் கஞ்சா வாசனை இன்னும் போகல.”

டேல் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அலமாரியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை நீட்டினான்.

“அது அவ்வளவு லேசுல போகாது,” என்றான். “வருஷக்கணக்கா ஆகும்.”

தேய்த்தவள் நான். அங்கே ஒரு வாசனையும் கிடையாது. வாயை மூடிக்கொண்டு நாலாவது கோப்பையை எடுத்து வைத்தேன்.