பதினாலாம் நம்பர் பாட்டில்

மாட்டுங்காவில் இருக்கும் அந்தக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிராக்டிகல் என்று வந்தால் விடையை முதலில் எழுதிவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில், பென்சிலால், லேசாக. அப்புறம்தான் அந்த விடைக்குத் தோதாகச் சோதனைகளைப் பேனாவில் எழுதிக்கொண்டு வருவார்கள். இரண்டு வருஷமாக சீனியர்களின் லேப் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்த கை வேறெப்படி எழுதும்?

இசக்கியம்மாள் அந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை. கல்லூரியில் அவளுக்குப் பெயர் இஷா. தாராவியிலிருந்து தினமும் நடந்து வருகிறவள். சோதித்துப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டாள். ஆனாலும் அந்தப் பென்சில் சனியன் மட்டும் அவளையும் தொற்றிக்கொண்டிருந்தது. இதுவாக இருக்குமோ என்று தோன்றுவதைக் குறித்து வைத்துக்கொள்வாள், சோதித்து முடித்ததும் ரப்பரால் அழித்துவிடுவாள்.

அன்றைக்குக் கடைசிப் பிராக்டிகல் பரீட்சை. ஆளுக்கொரு நம்பர் போட்ட பாட்டில் வரும், உள்ளே இருப்பது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் தேறிவிட்டால் செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஜூன் மாதம் வேலை. நேர்காணல் எல்லாம் முடிந்துவிட்டது, தேறிய சான்றிதழைக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கோமதியம்மாள் அந்தச் சேதியை அறுபதடி ரோடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

லேப் மாடிப்படிக்குக் கீழே மாமா நின்றார். பிரம்மநாயகம், அம்மாவுக்கு நேர் தம்பி. அதே லேபில் பதினோரு வருஷமாக கான்ட்ராக்ட் அட்டெண்டர். டெஸ்ட் ட்யூப் கழுவிக் கழுவி அவர் விரல்நுனியெல்லாம் மஞ்சளேறிக் கிடந்தது. அவரைப் பெர்மனென்ட் ஆக்கும் ஃபைல் துறைத்தலைவி ஷ்யாமளா மேடத்தின் மேஜைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"ஏட்டி, ஒனக்குப் பதினாலாம் நம்பர் பாட்டில்தான?" என்றார் மாமா, வேறெங்கோ பார்த்தபடி. "பென்சாயிக் ஆசிட். யார்ட்டயும் மூச்சு விட்டுராத."

"நான் கேட்டனா மாமா?"

"நீ கேக்கல. நாந்தான் சொல்லுதேன். மேடம் லிஸ்ட்டு குடுத்து பாட்டில அடுக்கச் சொன்னா, கண்ணுல பட்டுச்சு. பேசாம மேல போ."

கேட்கவில்லைதான். ஆனால் கேட்டதும் நெஞ்சு ஜில்லென்று ஆனதே, அதைப் பொய் சொல்ல முடியுமா? படியேறும்போது அவளுக்கு மாமாவின் மேல் பிரியம் பொங்கியது. அக்காள் மகளுக்காகத் தன் வேலையையே பணயம் வைக்கிற மனுஷன்.

பாட்டிலில் வெள்ளைப் பொடி. உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலில் எழுதினாள். 'பென்சாயிக் அமிலம், உருகுநிலை 122.' அதற்குப் பிறகு சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே.

பொடியைக் கரண்டிநுனியில் எரித்தாள், கரும்புகை வந்தது. சோடாக் கரைசலில் போட்டாள், நுரைத்தது. சரி, மாமா சொன்னதுதான். அடுத்து பெர்மாங்கனேட் ஒரு சொட்டு விட்டாள். பென்சாயிக் என்றால் அந்த ஊதாநிறம் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணெதிரே காணாமல் போயிற்று.

டெஸ்ட் ட்யூப் அழுக்கு என்று நினைத்தாள். வேறொன்றைத் தானே கழுவி, மறுபடி செய்தாள். மறுபடியும் நிறம் போனது. மூக்கருகே கொண்டுபோனாள். பட்டை வாசனை மாதிரி லேசாக ஒன்று வந்தது. பொடியை நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் அடைத்து எண்ணெயில் சூடேற்றினாள். நூற்றிருபத்திரண்டு வந்தது, போனது. பொடி அசையவில்லை. நூற்று முப்பத்து மூன்றில்தான் உருகிச் சரிந்தது.

சின்னமிக் அமிலம். சந்தேகமே இல்லை. மாமாவுக்கு நம்பர் மாறிப்போயிருக்கும், பாவம். பென்சில் எழுத்தை அழுத்தி அழித்தாள். பேனாவில் சரியான விடையை எழுதித் தாளைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சாப்பிடப் போன பிறகு, ஷ்யாமளா மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மாட்டுங்காவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். கையில் ஃபிளாஸ்க் காப்பி. சிரித்த முகம்.

"ஒக்காந்துக்கோ. பதினெட்டு பேர்ல நீதான் ரொம்ப க்ளீனா பண்ணியிருக்கே, தெரியுமோ?"

இசக்கிக்கு வாயெல்லாம் பல்.

மேடம் தாளை ட்யூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தாள். எழுத்துத்தான் அழிந்திருந்தது, பென்சில் அழுத்திய பள்ளம் அழியவில்லை. பென்சாயிக், 122.

"மொதல்ல இதை எழுதியிருக்கே. எங்கேர்ந்து வந்தது?"

"ஊகிச்சேன் மேடம். வாசனைய வச்சு."

"பென்சாயிக்குக்குப் பட்டை வாசனை அடிக்காதேம்மா." மேடம் ஒரு வாய் காப்பி குடித்தாள். "போன வருஷமே இந்த லேப்லேர்ந்து கேள்வி வெளியே போறதுன்னு கம்ப்ளெய்ன்ட். அதான் பாட்டிலையெல்லாம் நானே நெரப்பினேன். பிரம்மநாயகத்துகிட்ட ஒரு லிஸ்ட் குடுத்தேன். அதுல ஒரு பேர்கூட நெஜமில்லே. பதினாலுக்கு பென்சாயிக்னு எழுதியிருந்தேன்."

இது பரீட்சையே இல்லை, எலிப்பொறி. அதில் போய் மாட்டியது, எல்லாம் தெரிந்த ஒரே எலி.

மேடம் கூப்பிட, மாமாவும் உள்ளே வந்தார். மேடம் அவருடைய ஃபைலை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். அதன் பக்கத்தில் இசக்கியின் விடைத்தாள். இரண்டையும் விரலால் நேராக்கினாள்.

"பிரம்மநாயகம், ஒண்ணு நீ சொல்லியிருக்கணும், இல்லே அவ திருடியிருக்கணும். நீ சொல்லியிருந்தா அவ மேலே தப்பில்லே, பாஸ் போட்டுடறேன். நீ நாளைலேர்ந்து வர வேண்டாம். லிஸ்ட் வைக்கற கபாடை அவளே தொறந்து பார்த்திருந்தா, அது காப்பி கேஸ். ரெண்டு வருஷம் பரீட்சை எழுத முடியாது. நீ இந்த ஃபைலை வாங்கிண்டு போகலாம். அவசரமில்லே, யோசிச்சு சொல்லு." அப்புறம் மூடியில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றிக்கொண்டாள்.

இசக்கிக்கு மாமாவை நினைத்துத்தான் அழுகை வந்தது. பதினோரு வருஷ உழைப்பு தன்னால் போகிறதே என்று. மாமா தன் பக்கம் திரும்பினால் வேண்டாம் என்று கண்ணைக் காட்டலாமா, அப்படிக் காட்டத் தனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

மாமா திரும்பவே இல்லை.

"கபாட்டுச் சாவி ஆணியிலதான் கெடக்கும் மேடம்," என்றார். "நான் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன்."

"அப்டீன்னா?"

மாமா மஞ்சளேறிய விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தார். "எடுத்துப் பாத்திருப்பா."

அவள் மனசு வெடித்துவிட்டது. நேற்று வரைக்கும் அவர் வீட்டில் சோறு தின்றவள் அவள்.

"மாமாதான் சொன்னாவ மேடம். மாடிப்படிக்குக் கீழ நின்னு சொன்னாவ. நான் கேக்கக்கூட இல்ல. சத்தியமா."

"தெரியும்," என்றாள் மேடம், சாதாரணமாக. "நீ நெஜம்தான் சொல்றே. லிஸ்ட் அவன் கையிலேதான் இருந்தது, கபாடுக்குப் போகவே இல்லே. ஆனா பாரு, இந்தச் சம்பளத்துக்கு இப்படிக் கழுவற ஆள் கிடைக்கமாட்டான். ஸ்டூடண்ட் வருஷா வருஷம் வருவா." ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவை மாற்றிக்கொண்டு, சின்னமிக் அமிலம் என்ற சரியான விடையின் மேல் சிவப்பில் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மாமா ஃபைலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது குனிந்து கும்பிட்டார், பாவி.

இசக்கி வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் செருப்புக் கூட்டம். மாமி முருகம்மாள் மடியில் பேடா டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"வா தாயி. ஒங்க மாமாவுக்கு இன்னைக்குக் கையெழுத்தாயிட்டு, பெர்மனென்ட்டு. மொதல்ல ஒனக்குத்தான் குடுக்கணும்னு தாதர்ல எறங்கி வாங்கிக் குடுத்துவிட்டிருக்காவ. வரச் சொன்னேன், வேலை கெடக்குன்னுட்டாவ."

அம்மா ஒரு பேடாவை எடுத்து மகளின் வாயில் திணித்தாள். "ஒரே நாள்ல ரெண்டு நல்ல சேதி," என்று மாமியிடம் சொல்லிவிட்டு, மகளின் முகத்தைத் துடைத்தாள். "பரீச்ச எப்படிட்டி எழுதுன?"

இசக்கி மென்றாள். விழுங்கினாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன்ம்மா," என்றாள்.

அம்மா இன்னொரு பேடாவை எடுத்தாள்.