வராதவர்களின் ரத்தம்

பேராசிரியர் லாங்காவுக்குத் தம் குரலைத் தாமே கேட்பதில் அலாதி இன்பம். டர்பன் ஆய்வு நிலையக் கூட்டத்தில் அன்றும் கழுத்துப்பட்டையைத் தடவியபடி அறிவித்தார்: "எச்.ஐ.வி. மருந்துக்குக் கிருமி மசியாதவங்க நூத்துக்கு மூணு பேருதான். நாம ஜெயிச்சுட்டோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளியியல் பார்க்கும் நொக்வாண்டா மட்டும் தட்டவில்லை.

"சார், சிகிச்சைய பாதியில விட்டவங்க எதுல சேர்த்தி?"

"அவங்க ரத்தம் நம்மகிட்ட இல்லையேம்மா. வர்றவங்க மாதிரியே அவங்களும் இருப்பாங்கன்னு வெச்சுக்கிட்டேன்."

"வெச்சுக்கிட்டீங்களா? பந்தியில உக்காந்தவனப் பார்த்துட்டு ஊருல பசியே இல்லன்னாராம் ஒருத்தர்."

யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். லாங்காவின் முகம் கறுத்தது. "அவ்வளவு அக்கறைன்னா நீயே போய்த் தேடு."

தேடினாள். விட்டுப்போனவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் பொறுக்கிக்கொண்டு, டர்பனை ஒட்டிய உம்லாசிக்குப் போனாள். அவர்களில் ஒருத்தியான, வேன் நிறுத்தத்தில் மக்காச்சோளம் சுட்டு விற்ற தோபெகா, ரத்தம் கொடுக்கக் கையை நீட்டுமுன் வாயை நீட்டினாள்.

"ஏன் வரலையா? மாத்திரை ஒண்ணு விடாம முழுங்கினேன், உடம்பு உருகிக்கிட்டேதான் போச்சு. நீ பொய் சொல்றே, தின்னுருக்க மாட்டேன்னு நர்சு எல்லார் முன்னாடியும் வஞ்சா. திட்டு வாங்க பஸ் ஏறி வரணுமா, தங்கச்சி?"

நொக்வாண்டாவுக்கு விளங்கியது. மருந்து தோற்றதால்தான் இவள் நின்றாள். நின்றதால் கணக்கிலிருந்தே காணாமல் போனாள். அப்படிப்பட்டவர்களைத் தள்ளிவிட்டுப் போட்ட கணக்கு வெற்றி என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

குலுக்கலில் வந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பாதிப் பேரிடம் மசியாத கிருமி. விட்டுப்போனவர்கள் அத்தனை பேருக்கும் அவர்களையே சான்றாக வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டாள். மூன்று என்பது பதினெட்டாயிற்று.

"சின்னக் கூட்டம், நம்ப முடியாது" என்று லாங்கா உதட்டைப் பிதுக்கினார். வெளியூர் நிபுணர்கள் அந்த முறையைப் பாராட்டியதும் உதடு தானாக உள்ளே போய்விட்டது. கேப்டவுன் மாநாட்டு மேடையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "வராதவர்களைத் தேடவேண்டும் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தோன்றியது" என்றார்.

பின்வரிசையிலிருந்து நொக்வாண்டா எழுந்தாள்.

"எப்ப தோணுச்சு சார்? ஜெயிச்சுட்டோம்னீங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அரங்கம் சிரித்தது. லாங்கா தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

தோபெகாவுக்கு மாற்று மருந்து கிடைத்தது. ஆனால் திட்டிய நர்சு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அவள் மாத்திரையைக் கையில் வாங்கினாள். நர்சு கேட்டாள். லாங்காவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.