தேரிக்காட்டுப் பெட்டியும் திருச்செந்தூர் வேனும்

ஹேமலதா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வீட்டில் திருச்செந்தூர் என்ற பெயரைச் சொல்லிவிட்டாள்.

போக நினைத்த இடம் திருச்செந்தூர் அல்ல, அதற்குப் பக்கத்திலிருக்கும் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய வரை சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். இடுப்பு வரை மணலில் புதைந்த பனைமரங்கள், ஆள் நடமாட்டம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. தமிழ்நாட்டில் பாலைவனமா என்று சிரிப்பவர்கள், ஒரு மத்தியானம் அங்கே செருப்பில்லாமல் நடந்துவிட்டு வந்து சிரிக்கலாம். அந்த மணலுக்குள் யாரோ ஒரு ஜெர்மன்காரர் சின்னப் பெட்டி ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டிருந்தார். உலகம் முழுக்க இப்படிப் பெட்டிகளை ஒளித்து வைத்துத் தேடும் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, பாராட்டு விழா கிடையாது.

தேரிக்காட்டுப் பெட்டியை அதுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. நோட்டின் முதல் வரி காலியாகவே இருந்தது. அதில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஹேமலதாவுக்கு வெறி. சேதராப்பட்டு சோப்புக் கம்பெனி லேபில் நாள் முழுக்க நுரையை அளந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இப்படி ஒரு ஆசை வரக்கூடாதா என்ன? பஸ்ஸில் நின்றபடி அந்த எண்களை முணுமுணுத்து, கண்டக்டரிடம் இறங்கும் இடத்துக்குப் பதிலாக அதையே ஒருநாள் சொல்லிவிட்டாள்.

கூட்டாளிகள் மூன்று பேர். அதே கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் முஆஸ். கருவி அவனுடையது, பாரிஸில் இருக்கும் அவன் சாச்சா வாங்கி அனுப்பியது. ரெட்டியார்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கமலக்கண்ணன், அவன் மனைவி சிவசங்கரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நால்வரும் சென்டரில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் காரில் கிளம்ப வேண்டியது, விடியும்போது தேரியில் நிற்க வேண்டியது, மணல் சுடுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டியது.

"வூட்ல இன்னான்னு சொன்ன?" என்று ஹேமலதாவிடம் கேட்டாள் சிவசங்கரி.

"திருச்செந்தூர் பக்கம் ஒரு டிரிப்புன்னு காலையிலயே சொல்ட்டேன். பொய் இல்லியே. பக்கம்தான?"

அம்மா அமிர்தவல்லி எதிர்க்கேள்வி கேட்காமல் தலையாட்டியபோதே இவள் உஷாராகியிருக்க வேண்டும். அண்ணன் பிரேம்குமாரின் குழந்தைக்குத் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக வேண்டுதல் ஒன்று ரொம்ப நாளாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஹேமலதா சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் அம்மா வேன் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டாள். தேரிக்காட்டு மணலையும் பார்க்க வேண்டும், கூட்டாளிகளும் வருகிறார்கள் என்று இவள் இழுத்ததற்கு, கார் எதற்கு, எல்லோரும் வேனிலேயே வரட்டும் என்று முடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் வேன் தானாக நிரம்பியது. அண்ணியின் பிறந்த வீட்டார் வந்தார்கள். உழவர்கரைச் சித்தியும் அவள் நாத்தனாரும் வந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஆதிமூலம் பெரியப்பா, ஊரில் எல்லோருக்கும் சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) பெரியப்பா, மணல் என்ற சொல் காதில் விழுந்ததுமே பையைத் தூக்கிவிட்டார். "அல்ஜீரியாவுல நான் பாக்காத பாலவனமா? நீ பயப்படாத, நான் வழி காட்டறேன்" என்றார். அவருக்கு ரெட்டியார்பாளையத்துக்குள்ளேயே வழி தெரியாது.

புதன்கிழமை கமலக்கண்ணன் போன் செய்தான். வேனில் அவர்களுக்கு ஒரே ஒரு சீட் மிச்சமிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் அதில் எப்படிப் போவது, நீங்கள் போய் வாருங்கள் என்றான். வியாழக்கிழமை முஆஸ் கருவியைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான்.

"நீ வெச்சுக்க ஹேமா. குடும்பமா வேண்டுதலுக்குப் போறீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அன்றைக்கே இன்னொரு இடி. சென்னையிலிருந்து ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேரிக்கு வருவதாக இணையத்தில் எழுதியிருந்தது. அம்மாவின் திட்டப்படி ஞாயிறு விடியலில் கோயில், பிறகு மொட்டை, சாப்பாடு, அங்கிருந்து கன்னியாகுமரி. தேரிக்காடு திங்கட்கிழமை திரும்பும்போது, அதுவும் நேரமிருந்தால்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா புளியோதரைக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். ஹேமலதா கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"ம்மா, நான் சாமி கும்பிடப் போவல. தேரிக்காட்டுக்குத்தான் போறேன். அங்க ஒரு பொட்டி இருக்குது. அத நான்தான் மொதல்ல எடுக்கணும்."

"பொட்டியில இன்னாடி இருக்குது?"

"ஒரு நோட்டு. அதுல பேர எழுதணும்."

"எழுதினா?"

"எழுதினா அவ்ளோதான்."

முஆஸ் விலகிக்கொண்டது, சென்னைக் கூட்டம், எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா புளிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வுட்டிருப்பியா?"

அமிர்தவல்லி யோசித்தாள். பொய் சொல்லிச் சமாளிக்கத் தெரியாத மனுஷி. "வுட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய் வேன் டிரைவரைக் கூப்பிட்டாள். விடியும்போது வண்டி நேராகத் தேரிக்காட்டில் நிற்க வேண்டும், கோயில் அதற்கப்புறம் என்றாள். உள்ளேயிருந்து அப்பா சுப்பிரமணியன் பதறினார். "சாமிய வுட்டுட்டு யாராவது மொதல்ல மணலுக்குப் போவாங்களா?"

"முருகன் அங்கயேதான் இருப்பாரு. மெட்ராஸ்காரங்க வந்துடுவாங்க."

அடுத்து உழவர்கரைக்குப் போன். சித்தியும் நாத்தனாரும் அடுத்த தடவை வருவதாக முடிவாயிற்று. அவர்கள் முடிவு செய்யவில்லை, அம்மா செய்தாள். கமலக்கண்ணனுக்கும் சிவசங்கரிக்கும் இடம் ஆயிற்று. கடைசியாக முஆஸ்.

"தம்பி, நீதான் டிரைவர் பக்கத்து சீட்டு. நாங்க மொட்ட போடற நேரம் நீ கடக்கரையில காத்து வாங்கு. நீ வரலன்னா எங்க சொல்தா வழி சொல்லுவாரு, அப்புறம் யாரும் ஊரு வந்து சேர மாட்டோம்."

ஹேமலதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. "நோட்டுல எல்லார் பேரையும் எழுதிடறேன்மா. அப்பா, அண்ணன், கொழந்த…"

"வேணாம்." அம்மா மறுபடி புளியில் கையை விட்டாள். "அர்ச்சனைக்குச் சொல்றப்ப உங்கப்பா பேரு, உங்கண்ணன் பேரு, அப்புறம் கொழந்த பேரு. உன் பேரு வர்றதுக்குள்ள ஐயரு தட்ட வாங்கிக்கினு உள்ள பூடறாரு. இங்கயாவது உன்னுது மொதல்ல இருக்கட்டும்."

"உன் பேரு?"

"உன்னுதுக்குக் கீழ நானே எழுதிக்கறேன்" என்றாள் அமிர்தவல்லி. "அந்த மணல்ல செருப்பு போட்டு நடக்கலாமா, கூடாதா? அதச் சொல்லு மொதல்ல."