சுவிட்ச் விழுந்தும் சுற்றிய ஃபேன்

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் தண்ணீர் கேட்க மாட்டாள்; மெயின் போர்டில் லீக்கேஜ் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பாள். மின் ஆய்வாளர் வேலை அவளை அப்படி ஆக்கிவிட்டது. எங்காவது கரண்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டிப்பது அந்தப் பிரேக்கர். அன்றும் அழுத்தினாள். சுவிட்ச் டக்கென்று விழுந்தது. ஃபேன் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"யார் வேலைடா இது?"

"என்னுதுதான்." இருபது வருட எலக்ட்ரீஷியன் நான். அடுத்தவர் வீட்டில் இப்படிப் பிரேக்கரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வயரைக் கண்டால் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன்.

"உனக்கு மூளை இருக்கா?"

எனக்கும் சுள்ளென்று கோபம் வந்தது. "நீ மாசத்துக்கு ஒரு தடவை வர்றே. இது விழும்போதெல்லாம் அப்பாவோட ஆக்சிஜன் மிஷின் நின்னுடுது. நான் வேலைக்குப் போயிட்டா அவருக்கு சிலிண்டர் மாட்ட யார் இருக்கா? ஒருநாள் வந்து பாத்தா உதடெல்லாம் நீலம். தெரியுமா உனக்கு?"

கட்டிலில் இருந்த அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "சண்டை போடாதீங்க. பாத்ரூம் பைப்புல கை வச்சா ஒரு வாரமா லேசா சுர்ருங்குது, அவ்வளவுதான்" என்றார்.

நான் கட்டிலருகே ஓடினேன். "ஏன்பா சொல்லல?"

"எனக்காகத்தானே செஞ்சே. சொன்னா மனசு ஒடிஞ்சிடுவே."

அக்கா அவரைச் சிலிண்டருக்கு மாற்றினாள். நான் மெயினை அணைத்தேன். பாத்ரூம் ஹீட்டரின் கம்பிச்சுருள் வெடித்து, கரண்ட் தண்ணீர் பைப்பில் கசிந்திருந்தது; பிரேக்கர் அடிக்கடி விழுந்ததும் அதனால்தான். எர்த் கம்பியும் துருப்பிடித்து லூசாகியிருந்தது. ஹீட்டரைக் கழற்றி வெளியே போட்டேன், எர்த்தைப் புதிதாக இழுத்தேன், பைபாஸை வெட்டினேன். மிஷினுக்குத் தனி லைன், தனி லீக்கேஜ் பிரேக்கர், பாத்ரூமுக்கு வேறொன்று. இதை முதல் நாளே செய்திருக்கலாம். பயத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

மெயினைப் போட்டு மிஷினை ஓடவிட்டு, பாத்ரூம் பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். பாத்ரூம் விளக்கு மட்டும் அணைந்தது. அப்பாவின் மிஷின் நிற்காமல் ஓடியது. சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டேன்.

"மூஞ்சி கழுவிக்கிறேன்" என்று எழுந்தார் அப்பா.

நான் முந்திக்கொண்டு ஓடி, கையை நனைத்து, பைப்பை இறுகப் பிடித்தேன்.

"டெஸ்டர் எதுக்குடா இருக்கு, மடையா?" என்று பின்னால் கத்தினாள் அக்கா.

டெஸ்டரில் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டேன். அது போதவில்லை எனக்கு.

அப்பா வந்து என் கைமேல் தன் கையை வைத்தார்.

"சுர்ருங்குதா?"

"இல்லப்பா" என்றேன். ஆனாலும் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.